மோட்டாரில் உயரும் மீன்தொட்டி ஸ்டாண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியைத் தண்ணீரோடு 2 அடி உயர்த்த வேண்டும். எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வாங்கலாம்? (திருநகர்)

முதலில் எடையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இந்த அளவுள்ள தொட்டியின் கொள்ளளவு 680 லிட்டர். விளிம்புக்குச் சற்றுக் கீழே நிரப்பினால் ஏறத்தாழ 650 கிலோ தண்ணீர் நிற்கும். 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ என்பதால் கண்ணாடி மட்டுமே 120 கிலோ ஆகிவிடும். சரளை, கல், மரவேர், தாங்கும் இரும்புச் சட்டம் ஆகியவற்றையும் சேர்த்தால் 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வதே நல்லது.

இவ்வளவு எடைக்குப் பெரிய மோட்டார் தேவைப்படும் என்று தோன்றலாம். ஆனால் மெதுவாகத் தூக்கினால் தேவைப்படும் சக்தி மிகக் குறைவு. நிமிடத்துக்கு 1,440 சுற்று சுழலும் மோட்டாருடன் சுழற்சி வேகத்தை 50-க்கு 1 என்ற விகிதத்தில் குறைக்கும் வார்ம் கியர் பாக்ஸை இணைத்தால், தொட்டியைத் தூக்கும் திருகு நிமிடத்துக்கு 29 சுற்று சுழலும். திருகின் மரை இடைவெளி 6 மி.மீ. என்றால் 100 சுற்றில் 600 மி.மீ., அதாவது 2 அடி, மூன்றரை நிமிடத்தில் உயர்ந்துவிடும். எடையைத் தூக்குவதற்கு மட்டும் செலவாகும் சக்தி 30 வாட்டுக்கும் குறைவுதான். திருகிலும் கியரிலும் உராய்வால் வீணாவதைச் சேர்த்தாலும் 200 வாட் அளவில் நின்றுவிடும். ஆகவே அரை குதிரைத்திறன் மோட்டார் போதும்.

திருகைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். 30 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. இடைவெளியும் உள்ள ஒற்றை மரைச் சரிவகத் திருகு (மரையின் பற்கள் சரிவக வடிவில் இருப்பது), மோட்டார் நின்றாலும் எடையால் தானாகப் பின்சுழலாது. பால் ஸ்க்ரூ (மரையில் எஃகு உருண்டைகள் உருளும் திருகு) வழுவழுப்பாக ஓடும் என்று யாராவது பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள்; பிரேக் இல்லாவிட்டால் அது எடையோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும்.

நான்கு மூலைகளிலும் தனித்தனி மின் ஆக்சுவேட்டர் (மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டு) வைத்து ஒரே சுவிட்ச்சில் இயக்கினால் வேலை எளிதாக முடியாதா? (திருமங்கலம்)

வேலை எளிதாக முடியும், தொட்டிதான் நிலைக்காது. எல்லோரும் தொட்டிக்குள் அலையடிக்கும் என்று அஞ்சுகிறார்கள். விநாடிக்கு 3 மி.மீ. வேகத்தில் உயரும் தொட்டியில் அலை ஒரு பொருட்டே அல்ல. அஞ்ச வேண்டியது முறுக்கு. சாதாரண ஆக்சுவேட்டர்கள் சுமைக்கு ஏற்ப வேகம் மாறுபவை. கற்குவியலும் ஃபில்டரும் இருக்கும் மூலையின் ஆக்சுவேட்டர் மெதுவாகவும், எதிர் மூலையில் உள்ளது வேகமாகவும் ஏறும். அந்தச் சில மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கண்ணாடியும் சிலிகான் ஒட்டும் தாங்க வேண்டியிருக்கும். வளைந்துகொடுக்காத கண்ணாடியில் விரிசல் விழலாம். அன்றைக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், ஒட்டு மூலையில் பிரிந்து பிறகொரு நாள் கசியத் தொடங்கலாம்.

ஆகவே மூலைக்கொரு திருகாக நான்கு வைத்து, அவற்றை ஒரே மோட்டாரிலிருந்து ஷாஃப்ட், பெவல் கியர் (சுழற்சியின் திசையைத் திருப்பும் பல்சக்கரம்) வழியாகவோ, ஒரே சங்கிலியாலோ சுழற்றுங்கள். திருகுகளைக் கீழிருந்து நிறுத்தாமல், இருபுறத் தூண்களின் உச்சியில் உள்ள பேரிங்கிலிருந்து தொங்கவிட்டால், எடை திருகை இழுக்குமே தவிர அமுக்காது. இழுவையில் இருக்கும் திருகு வளையாது. பக்கவாட்டு விசையைத் திருகு தாங்கக் கூடாது. அதற்குத் தூணை ஒட்டி ஓடும் தனி வழிகாட்டித் தண்டவாளம் அமையுங்கள்.

இதோடு நில்லாமல், தொட்டி அமரும் உள்சட்டத்தை, திருகுகள் தூக்கும் வெளிச்சட்டத்தின் மீது மூன்றே இடங்களில் தாங்கச் செய்யுங்கள்: ஒரு முனையில் இரண்டு, மறுமுனையின் நடுவில் ஒன்று. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதைப் போல, வெளிச்சட்டம் சற்றே முறுகினாலும் உள்சட்டம் சாயுமே தவிர முறுகாது. உள்சட்டத்துக்குக் கனமான பெட்டிக் குழாயைப் பயன்படுத்தி, தாங்கல் இல்லாத இரு மூலைகளுக்கும் அடியில் 1 மி.மீ. இடைவெளி விட்டு ஆளுக்கொரு தடுப்புக்கட்டை பொருத்தினால் கவிழும் அபாயம் இராது.

முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம்கூடத் தேவையில்லை. தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேல் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் எஃகு ஸ்கேலால் அளந்து, எதிரெதிர் மூலைகளின் அளவுகளைக் கூட்டுங்கள். இரண்டு கூட்டுத்தொகைகளும் சமமாக இருந்தால், தொட்டி சாய்ந்திருந்தாலும் முறுக்கு இல்லை. தரையில் இருந்தபோது சமமாக இருந்த தொகைகள் உயர்த்தியபின் மாறினால், உடனே இறக்கிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

1 டன் தாங்கும் பழைய ஹைட்ராலிக் சிசர் மேசை (எண்ணெய் அழுத்தத்தில் கத்தரிபோல் விரியும் கால்களால் உயர்வது) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (கப்பலூர்)

பட்டறையில் சுமை ஏற்றி இறக்க அது அருமையான கருவி. ஆனால் மாதக்கணக்கில் ஒரே உயரத்தில் சுமையைத் தாங்கி நிற்க உருவானதல்ல. சிலிண்டரின் சீலும் வால்வும் தேயத் தேய எண்ணெய் மெல்ல நழுவி, மேசை தானாகத் தாழும். மேலும், மேசை உயர உயர அதன் உருளைக் கால்கள் உள்நோக்கி நகர்வதால், தொட்டியின் ஒரு முனைக்கு அடியில் தாங்கல் குறைந்துகொண்டே போகும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், உயர்ந்த நிலையில் எடை முழுவதையும் தூணில் செருகிய இரும்பு ஊசிகள் ஏற்குமாறு செய்து, எண்ணெய்க்கு வேலையில்லாமல் வையுங்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்கள் ஊரில் கிரானைட் எளிதாகக் கிடைக்கிறது. தொட்டிக்கு அடியில் பிளைவுட்டுக்குப் பதில் கிரானைட் பலகை போடலாமா? (மேலூர்)

வேண்டாம். 20 மி.மீ. கிரானைட் இந்த அளவுக்கு 60 கிலோ வரும். அத்தனையும் தூக்க வேண்டிய எடை. வெல்டிங் மேடு ஒன்று அடியில் இருந்தால் கல் அந்த ஒரே இடத்தில் தாங்கி நின்று, அழுத்தத்தைக் கண்ணாடிக்குக் கடத்தும். 18 மி.மீ. நீர்புகாப் பிளைவுட்டும், அதன்மேல் ஒரு தெர்மோகோல் தாளும் போதும்.

மாசி வீதிப் பக்கம் பழைய வீடு. மாடிக் கூடத்தில் வைக்க விருப்பம். தரை தாங்குமா?

குடியிருப்பு அறைகளுக்கு இந்தியத் தரவிதி ஐஎஸ் 875 சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ சுமை வைத்துத்தான் தளத்தை வடிவமைக்கச் சொல்கிறது. உங்கள் தொட்டியும் ஸ்டாண்டும் சேர்ந்து, தாம் நிற்கும் இடத்தில் அதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் அழுத்தும். புதிய கான்கிரீட் வீடாக இருந்தால், சுவரோரமாக உத்திரத்தின் மேல் வைக்க முடியுமா என்று கட்டுமானப் பொறியாளரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். மரக்கட்டை பரப்பிச் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய மாடியாக இருந்தால், கீழ்த்தளத்தைத் தவிர வேறெங்கும் வைக்காதீர்கள். கீழே குடும்பத்தார் உறங்கும் வீட்டில் இதைப் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது.

பாதி ஏறும்போது மின்சாரம் போனால் என்ன செய்வது? வீட்டில் குழந்தைகள் உண்டு. (வாடிப்பட்டி)

முன்னர் சொன்ன திருகாக இருந்தால் தொட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மோட்டார் ஷாஃப்ட்டின் பின்முனையில் கைப்பிடி செருகும் வசதி செய்துகொண்டால் கையாலேயே இறக்கலாம். அதற்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

குழந்தைகள் இருப்பதால், பொத்தானை அழுத்தியிருக்கும் வரை மட்டுமே இயங்கும் அமைப்பு வையுங்கள். விட்ட கணமே நிற்க வேண்டும். ரிமோட் கூடாது. இறங்கும் சட்டத்துக்கும் தரைக்கும் இடையே விரலோ காலோ நுழையாதபடி நாற்புறமும் மறைப்பு அமைப்பது கட்டாயம். மேலும் கீழும் எல்லையை எட்டியதும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச், அவற்றுக்கு 24 வோல்ட் மின்சுற்று, மொத்த இணைப்புக்கும் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, சட்டத்துக்கு எர்த் ஆகிய எதையும் செலவு கருதி விட்டுவிடாதீர்கள். ஒயர்கள் பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கிய பின் மேலேறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சம்ப் (பம்ப் இருக்கும் துணைத் தொட்டி) தரையிலேயே இருக்கலாமா? (சிலைமான்)

இருக்கலாம். தொட்டி 2 அடி உயரும்போது பம்ப்பும் 2 அடி கூடுதலாகத் தள்ள வேண்டியிருப்பதால் நீரோட்டம் குறையும். உச்ச உயரத்துக்குப் பம்ப்பைத் தேர்ந்தெடுங்கள். குழாய்களை நெகிழ் குழாயாக, மடங்காத அளவு தளர்வாக விடுங்கள்.

ஸ்டாண்டு தயாராகிவிட்டது. எப்படிச் சோதிப்பது, பிறகு எப்படிப் பராமரிப்பது? (உசிலம்பட்டி)

தொட்டியை ஏற்றுமுன் 50 கிலோ சிமென்ட் மூட்டைகள் 30 அடுக்கி, அதாவது ஒன்றரை மடங்கு சுமையில், பலமுறை ஏற்றி இறக்குங்கள். ஓரிரவு உச்சியில் நிறுத்திவிட்டு, மறுநாள் காலை உயரம் மாறியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மூட்டைகளை ஒரு முனையில் கூடுதலாக அடுக்கியும் ஒருமுறை ஓட்டிப்பார்க்க வேண்டும். அதன்பின் வெறும் தண்ணீர், கடைசியில்தான் மீன்.

பராமரிப்பில் முதன்மையானது, திருகு சுழலும்போது அதில் ஏறி இறங்கிச் சட்டத்தைத் தூக்கும் நட். சுமை தாங்கும் வெண்கல நட்டுக்கு அடியில், சுமையேற்காத இரண்டாவது நட் ஒன்றைச் சிறிது இடைவெளி விட்டுப் பொருத்தச் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இப்போதே பொருத்துங்கள். மேல் நட்டின் மரை தேயத் தேய அது கீழிறங்கி, அந்த இடைவெளி குறையும். பொருத்திய அன்றே நான்கு மூலைகளிலும் ஃபில்லர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து எழுதிவையுங்கள். திருகுக்குக் கிரீஸ் இடும் ஒவ்வொரு முறையும் மீண்டும் அளங்கள். 6 மி.மீ. மரையின் பல் தடிமன் 3 மி.மீ.தான், அதில் கால்பங்கு, அதாவது 0.75 மி.மீ. குறைந்துவிட்டால், நான்கு நட்டுகளையும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றும் வரை தொட்டி இறக்கிய நிலையிலேயே இருக்கட்டும்.