வூஹானில் வவ்வால் மட்டும்தானா?

கேள்வி: பாம்பு, வவ்வால் எதையும் விடாமல் தின்று, உலகத்துக்கே கொரோனாவைக் கொடுத்த ஊர் வூஹான். அதற்கு வேறு ஏதாவது பெருமை உண்டா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: கொரோனா எப்படிக் கிளம்பியது என்று விஞ்ஞானிகளே இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டீர்கள். சரி, தின்பதிலிருந்தே தொடங்குவோம். வூஹான்காரர் காலையில் தேடிப்போவது ‘ரெகான்மியன்’ என்ற நூடுல்ஸை. முதலிலேயே வேகவைத்து, எண்ணெய் பிசறி ஆறப்போட்டிருப்பார்கள். ஆள் வந்ததும் ஒரு கைப்பிடி அள்ளிக் கொதிநீரில் முக்கி எடுத்து, மேலே எள் விழுது, முள்ளங்கி ஊறுகாய்த் துணுக்கு. சூப் கிடையாது. அதனால் காகிதக் கிண்ணத்தில் வாங்கி, நடந்துகொண்டே கிளறிச் சாப்பிடலாம். வவ்வாலைக் காணோம்.

யாங்சி நதியில் ஹான் ஆறு வந்து சேரும் இடத்தில் இருந்தவை மூன்று ஊர்கள். வூசாங்கில் அதிகாரிகள், ஹான்கோவில் வியாபாரிகள், ஹான்யாங்கில் இரும்பாலையும் துப்பாக்கி ஆலையும். மூன்றையும் 1927-ல் ஒன்றாக்கி, முதல் ஊரின் ‘வூ’வையும் மற்ற இரண்டின் ‘ஹானை’யும் ஒட்டிப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே, 1861-ல், ஹான்கோ துறைமுகத்தை அன்னியருக்குத் திறந்துவிட வேண்டியதாயிற்று. பிரிட்டன், ரஷ்யா, பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான் என ஐந்து பேர் ஆற்றங்கரையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ரஷ்யர்களுக்குத் தேயிலைதான் குறி. அதைச் செங்கல் மாதிரி அழுத்திக் கட்டியாக்கி ஊருக்கு அனுப்பினார்கள்.

அந்த ரஷ்யப் பங்கில்தான், 1911 அக்டோபர் 9-ஆம் தேதி, சீன முடியாட்சியைக் கவிழ்க்கப் புரட்சிக்காரர்கள் தயாரித்துக்கொண்டிருந்த குண்டு கை தவறி வெடித்தது. சோதனைக்கு வந்த போலீஸ் கையில் உறுப்பினர் பட்டியல் சிக்கியது. மறுநாள் விடியலில் மூன்று பேரின் தலை போயிற்று. பட்டியலில் தன் பெயரும் இருக்கும் என்று தெரிந்த சிப்பாய் என்ன செய்வான்? அன்று இரவே வூசாங் பாசறையில் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள். தலைவர் யாரும் பக்கத்தில் இல்லை. புரட்சியின் பெரிய தலைவர் சுன் யாட்-சென் அமெரிக்காவில் இருந்தார், சேதியைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். கிடைத்தவர் லீ யுவான்ஹோங் என்ற ராணுவ அதிகாரி. மாட்டேன் என்றவரைத் துப்பாக்கி முனையில் உட்காரவைத்தார்கள். கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வந்ததாகவும் ஒரு கதை உண்டு. (மனிதர் பிற்பாடு இரண்டு முறை ஜனாதிபதியானார்!) இரண்டாயிரம் வருஷத்து முடியாட்சி நாலே மாதத்தில் காலி. இது போதுமா பெருமை?

1938-ல் ஜப்பான் படை இந்த ஊரை நெருங்கிக்கொண்டிருந்தபோது, காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க இந்தியாவிலிருந்து போன ஐந்து டாக்டர்கள் ஹான்கோவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான கோட்னிஸ் திரும்பவில்லை. 1942-ல் சீனாவிலேயே இறந்தார்.

1957 வரை இங்கே யாங்சிக்குப் பாலம் கிடையாது. ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் மேலே சாலையும் கீழே ரயிலுமாகப் பாலம் வந்தபோது, கவிஞர்கள் பாடிய மஞ்சள் கொக்கு கோபுரத்தின் பழைய இடத்தை அது எடுத்துக்கொண்டது. இப்போது ஜனங்கள் படம் எடுத்துக்கொள்ளும் கோபுரம், 1980-களில் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி கான்கிரீட்டில் கட்டியது. லிப்ட் கூட இருக்கிறது.

2020 ஜனவரி 23 முதல் 76 நாள், ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் ஊரைவிட்டு வெளியேற முடியாமல் அடைபட்டுக் கிடந்தார்கள். நீங்கள் வூஹான் என்ற பெயரை அப்போதுதான் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. 2018 ஏப்ரலில் மோடியும் ஷி ஜின்பிங்கும் அதே ஊரின் கிழக்கு ஏரியில் படகில் போனார்கள். அந்தச் சந்திப்பின் அடுத்த சுற்றுதான் 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் நடந்தது. அன்றைக்கு டிவியில் நீங்கள் பிரதமரின் வேட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் போலிருக்கிறது.