தேவாலயம் பழசு, தபால்தலையும் பழசா?

கேள்வி: இணையத்தில் ஒருவர் கிறிஸ்துமஸ் தபால்தலை ஒன்றை விற்கிறார். பனி மூடிய கிராமத்துத் தேவாலயம் படம். ‘ஆயிரம் ஆண்டுப் பழமை, அபூர்வம், கைவசம் ஒன்றே ஒன்று’ என்று போட்டுக் கொழுத்த விலை கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: தேவாலயத்துக்கு ஆயிரம் வயது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் பணம் கொடுப்பது கட்டடத்துக்கு இல்லையே! தபால்தலை எந்த ஆண்டு வந்தது, எத்தனை அச்சானது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, விலை இவற்றை வைத்துத்தான்.

உதாரணத்துக்கு, 1972 ஜூனில் பிரிட்டன் ஐந்து கிராமத்துத் தேவாலயங்களைத் தபால்தலைகளாக வெளியிட்டது. ரொனால்ட் மேடாக்ஸ் வரைந்தவை. அதில் 3 பென்ஸ் தலையில் இருப்பது கிரீன்ஸ்டெட் தேவாலயம். பிளந்த ஓக் மரங்களை வரிசையாக நட்டு எழுப்பிய அதன் சுவர் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். ஆனால் தபால்தலை தாராளமாகக் கிடைக்கிற சரக்கு. இன்னொன்று, அது கிறிஸ்துமஸ் வெளியீடே அல்ல. தேவாலயப் படத்தைப் பார்த்ததும் ‘கிறிஸ்துமஸ்’ என்று தலைப்புப் போட்டு விற்பவர்கள் நிறையப் பேர்.

உண்மையான கிறிஸ்துமஸ் தலைகளோ வாழ்த்து அட்டைகளில் ஒட்டுவதற்காகவே ஏராளமாக அச்சாகிறவை. அமெரிக்காவின் முதல் கிறிஸ்துமஸ் தபால்தலை 1962இல் வந்தபோது முதலில் அச்சடித்த 35 கோடி போதவில்லை. அந்த ஆண்டுக்குள் 100 கோடியை எட்டியது. இப்படிப்பட்ட ரகத்தில் ‘ஒன்றே ஒன்று’ என்றால், அவரிடம் ஒன்று இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்த நாடு, எந்த ஆண்டு, கேட்டலாக் (தபால்தலைகளின் விவரப் பட்டியல்) எண் என்ன என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடலாம். (பிரிட்டன் தலைகளில் நாட்டின் பெயர் இருக்காது, அரசர் அல்லது அரசியின் தலை உருவம்தான் அடையாளம். ‘நாடு தெரியாத அபூர்வம்’ என்று அதையே விற்றுவிடுவார்கள்!) எண் கிடைத்தால், அதே தலை உண்மையில் என்ன விலைக்கு விற்று முடிந்திருக்கிறது என்று தேடுங்கள். கேட்கிற விலையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பின்பக்கப் படத்தையும் கட்டாயம் கேளுங்கள். ஆல்பத்தில் காகிதத் துண்டு வைத்து ஒட்டிய தடம் இருந்தால் மதிப்பு குறையும். ஓரப் பற்களை லென்ஸில் பாருங்கள்: பற்களின் நுனி பசை ஏறி விறைப்பாக நின்றால், பிற்பாடு யாரோ பசை தடவிப் ‘புதுசு’ ஆக்கியிருக்கலாம். அச்சில் ஒரு நிறம் விடுபட்ட பிழைத் தலை என்று சொல்லி விற்றால், நிபுணர் குழுவின் சான்றிதழ் இல்லாமல் கையை வைக்காதீர்கள். வேதிப்பொருள் போட்டு நிறத்தை அழிப்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

எல்லாம் பார்த்தும் படம் பிடித்திருந்தால், அதே தலை உண்மையில் விற்று முடிந்த விலைக்கு மேல் போகாமல் வாங்குங்கள். ஆசைக்கு வாங்குவது தப்பில்லை.

கேள்வி: பழைய கிறிஸ்துமஸ் தலைகள் ஒரு கட்டு வாங்கினேன். தேவாலயம், மணி எல்லாம் இருக்கிறது. எதிலும் விலை அச்சிடவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: விலை போடாத நிஜத் தபால்தலைகளும் உண்டு, அவற்றில் எந்த வகை அஞ்சலுக்கானது என்ற குறியீடு இருக்கும். அதுவும் இல்லை என்றால் கிறிஸ்துமஸ் சீல்களாக (தபால்தலை போலவே தோன்றும் ஒட்டுச்சீட்டுகள்) இருக்கலாம். 1904இல் டென்மார்க் தபால்துறை ஊழியர் ஐனார் ஹோல்பெல் யோசனையில் தொடங்கியவை. காசநோய் ஒழிப்புக்கு நிதி திரட்ட விற்றவை, தபாலுக்குச் செல்லாது. காசநோய் ஒழிப்பின் சின்னமான, இரண்டு குறுக்குக் கோடு போட்ட சிலுவையும் தெரிந்தால் அநேகமாகச் சீல்தான். சீல்களைச் சேகரிப்பவர்களும் உண்டு. ஆனால் விற்றவர் ‘தபால்தலை’ என்று எழுதியிருந்தால், விவரம் தவறு என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: பயன்படுத்தாத பழைய கிறிஸ்துமஸ் தலையை இப்போது கடிதத்தில் ஒட்டலாமா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் பார்கோடு இல்லாத அன்றாடத் தலைகள் (அரசியின் உருவம் மட்டும் உள்ளவை) 2023 ஜனவரி 31உடன் செல்லாமல் போயின. படத் தலைகளுக்கும் கிறிஸ்துமஸ் தலைகளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் பழைய ஷில்லிங் நாணயக் காலத்து 1966 கிறிஸ்துமஸ் தலை செல்லாது. ஜெர்மனியில் மார்க் நாணயத் தலைகள் 2002 நடுவிலேயே முடிந்துவிட்டன.

கேள்வி: வாழ்த்து அட்டை வந்த உறையிலிருந்து தலையை எப்படி எடுப்பது?

பதில்: உரிக்காதீர்கள். சுற்றிலும் காகிதம் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான நீரில் போட்டால் தானே கழன்று வரும். சிவப்பு, பச்சை உறை என்றால் சாயம் இறங்கித் தலையில் ஏறிவிடும்; அதைத் தனியாகக் குளிர்ந்த நீரில் போடுங்கள். ஸ்டிக்கர் வகைத் தலைகள் பல தண்ணீருக்கு மசியாது. அவற்றைக் காகிதத்தோடே வைத்துக்கொள்வது நல்லது.