எவ்வளவு சோதித்தால் போதும்?

அன்புள்ள ஐயா,

பினாங்கு பாயான் லெப்பாசில் மென்பொருள் சோதனையாளராக இருக்கிறேன். ஜவுளிக்கடைகளுக்கான பில் மென்பொருளைத் தீபாவளிக்கு முன் ஒப்படைக்க வேண்டும். கையில் ஒரு வாரம். முதலாளி ‘போதும்’ என்கிறார். எனக்கோ மனம் ஆறவில்லை. எவ்வளவு சோதித்தால் போதும்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முழுவதையும் சோதிப்பது நடக்காத காரியம். ‘ஆம், இல்லை’ என்று இருபது தேர்வுகள் இருந்தாலே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் வந்துவிடும். எது தவறினால் யாருக்கு என்ன நட்டம் என்று முதலில் பாருங்கள். அதைக் கல்லாவில் உட்காருபவரிடம் கேளுங்கள்.

2008 ஏப்ரலில், ரொக்க பில்லின் மொத்தத்தை ஐந்து சென்னுக்கு ஏற்றியோ இறக்கியோ வாங்கும் முறை வந்தது. நானும் அப்போது இதே தொழிலில்தான் இருந்தேன். கடைசி இலக்கங்கள் பத்துதானே? அரை மணி நேரத்தில் பத்தையும் சோதித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். லெபோ பாசாரில் ஒரு கடையில் யாரோ சேலையைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. திருப்பும் பில்லில் மட்டும் மென்பொருள் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே ஏற்றி இறக்கியிருக்கிறது. இரவில் கல்லா இருபது சென் இடித்தது. கடைக்காரர் காசாளர் பெண்ணின் கைப்பையைத் திறந்து பார்த்தார். எங்கள் அட்டவணையில் அந்த வகைப் பிழைக்கு ‘சிறியது’ என்று எழுதியிருந்தோம்.

பிழை வரும் வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து, வந்தால் ஏற்படும் பாதிப்புக்கு ஒன்று முதல் ஐந்து என்று மதிப்பெண் போட்டுப் பெருக்கும் வழக்கம் உங்கள் அலுவலகத்திலும் இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அடிக்கடி வரும் அற்பப் பிழைக்கும் அபூர்வமாக வந்து கடையையே மூடவைக்கும் பிழைக்கும் அதில் ஒரே ஐந்துதான்.

வாய்ப்பை ஊகிப்பதில்தான் பெரியவர்களும் சறுக்குகிறார்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி நாற்பது நொடிக்குள் நிலைகுலைந்து வெடித்தது. முந்தைய ஏரியான் 4-க்கு எழுதி இதிலும் ஒட்டிய மென்பொருள்தான் காரணம். அதில் எண் எல்லை மீறக்கூடிய ஏழு மாறிகளில் (எண்களைச் சேமிக்கும் இடங்களில்) நான்குக்கு மட்டுமே காப்பு வைத்திருந்தார்கள். மற்ற மூன்றும் எல்லை மீறாது என்பது யோசித்து எடுத்த முடிவு. ஏரியான் 4 பறந்த பாதைக்கு அது சரியாகவும் இருந்தது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அதன் பாதையை வைத்து யாரும் சோதிக்கவில்லை. எடை போட்டார்கள், எடைக்கல் பழையது. உங்கள் மென்பொருளிலும் பழைய கடைக்கு எழுதி இங்கே ஒட்டிய பகுதி இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

ரசீதின் அடியில் குத்துவிளக்கு கோணலாக வந்தால் வரட்டும். திருப்பும் பில், தள்ளுபடிக்கு மேல் தள்ளுபடி, மின்சாரம் போய்ப் பாதியில் நின்ற பில் ஆகியவற்றுக்கு நான்கு நாள் கொடுங்கள். சோதிக்காமல் விட்டவற்றை ஒரு தாளில் எழுதி, முதலாளியிடம் கையெழுத்துக் கேளுங்கள். பேனாவை எடுத்ததும் அவருக்கே இன்னும் இரண்டு நாள் தேவைப்படும்.