கடைசி இலக்கம் ஏன் ஆடுகிறது? – வாசகர் கேள்வி பதில்

ஏடிசி, டேக் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது ஏடிசி, எண்ணை மின்னழுத்தமாக மாற்றுவது டேக். வந்த கடிதங்களைப் படித்தால், பெட்டியில் போட்டிருக்கும் பிட் கணக்கை (அந்த எண்ணை எழுத 0, 1 என்ற இலக்கம் எத்தனை என்பதை) மட்டும் பார்த்து வாங்கிவிட்டு அப்புறம் பலரும் தவிப்பது தெரிகிறது. சிலதை எடுத்துக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: சார், வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகன் 1 கிலோ லோட் செல்லும் எச்எக்ஸ்711 மாட்யூலும் வாங்கி ஒரு எடை மெஷின் செய்து கொடுத்தான். 24 பிட் என்று போட்டிருக்கிறது, ஆனால் கிராமுக்குப் பின்னால் இரண்டாவது இலக்கம் நிற்கவே மாட்டேன் என்கிறது. மத்தியானம் ஆனால் தட்டு காலியாக இருக்கும்போதே அரை கிராம் காட்டுகிறது. சிப் டூப்ளிகேட்டா? – செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: சிப்பைக் குறை சொல்லும் முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லோட் செல் என்பது பாரத்துக்கு ஏற்ப மிகச் சின்ன வோல்ட் தரும் கட்டை. இந்த அளவு லோட் செல் பலவும் வோல்ட்டுக்கு 1 மில்லிவோல்ட் தரும் ரகம். 5 வோல்ட் கொடுத்தால், தட்டில் முழு 1 கிலோ வைத்தாலும் வருவது 5 மில்லிவோல்ட்தான். அதாவது ஒரு கிராமுக்கு 5 மைக்ரோவோல்ட். அதைப் படித்து எண்ணாக்கும் ஏடிசிதான் எச்எக்ஸ்711. அந்தச் சிப்புக்கு, நொடிக்கு 10 ரீடிங் எடுக்கும் வேகத்தில், உள்ளிரைச்சல் சுமார் 50 நானோவோல்ட் என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். கிராம் கணக்கில் அது 0.01. ஆனால் இது சராசரி அளவு, திரையில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இதைப்போல ஆறேழு மடங்கு இருக்கும், ஆக 0.06, 0.07 கிராம். உங்கள் இரண்டாவது இலக்கம் ஆடுவது இதனால்தான். 24 பிட் என்பதில் கடைசிப் பிட்டுகள் எல்லாம் வெறும் இரைச்சலை எண்ணிக்கொண்டிருக்கின்றன. மகனிடம் சொல்லி 16 ரீடிங்குக்கு ஒரு சராசரி எடுக்கச் சொல்லுங்கள், ஆட்டம் நாலில் ஒரு பங்காகும், ரீடிங் வர ஒன்றரை நொடி ஆகும், அவ்வளவுதான். மாட்யூலில் வேகத்தைத் தீர்மானிக்கும் ‘ரேட்’ என்ற கால் கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நொடிக்கு 80 ரீடிங் ஓடும், இரைச்சல் இன்னும் கூடுதலாக வரும்.

மத்தியான அரை கிராம் வேறு விஷயம். கரண்டு ஏறி இறங்குவதால் என்று நினைக்கலாம், ஆனால் லோட் செல்லுக்குப் போகும் அதே வோல்ட்டைத்தான் இந்த ஏடிசி தன் அளவுகோலாகவும் எடுத்துக்கொள்கிறது, அது ஒரு சதவீதம் குறைந்தால் சிக்னலும் ஒரு சதவீதம் குறையும், விகிதம் அப்படியே நிற்கும். இந்த அமைப்பை யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். மிச்சம் இருப்பது சூடு. அரை கிராம் என்பது இரண்டரை மைக்ரோவோல்ட். செல்லின் அலுமினியக் கட்டை ஒரு பக்கம் மட்டும் சூடானாலோ, ஈயப்பற்று வைத்த இரண்டு இடங்களுக்கு இடையே ஓரிரு டிகிரி வித்தியாசம் வந்தாலோ அவ்வளவு தானாகவே பிறந்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே, பொடி வைத்து ஊதும் கேஸ் சுடருக்கு ஒரு கை தூரத்தில் மெஷின் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுவர் ஓரமாக நகர்த்துங்கள், ஃபேன் காற்று தட்டில் படாமல் ஒரு கண்ணாடி மூடி போடுங்கள், காலையில் ஸ்விட்ச் போட்டு அரை மணி கழித்து எடை போடுங்கள், ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கொலுசை வையுங்கள். இன்னொன்று, இது பட்டறைக்குள் வேலைக்கு மட்டும். வாங்க விற்க முத்திரை வைத்த தராசுதான் சட்டப்படி செல்லும்.

கேள்வி: ரெசிஸ்டர் ஏணி வைத்து 8 பிட் டேக் செய்தேன், ஒரு சதவீத ரெசிஸ்டர்தான் போட்டேன். எண் 127இல் இருந்து 128க்குப் போகும்போது வோல்ட் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது. புரோகிராமில் தப்பு இல்லை அண்ணா, நாலு தடவை பார்த்துவிட்டேன். – கருப்பூர் மாணவர்

பதில்: புரோகிராம் சரிதான் தம்பி, உங்கள் மல்டிமீட்டரும் சரிதான். ஏணியில் ஒவ்வொரு பிட்டும் தன் ரெசிஸ்டர் வழியாக ஒரு பங்கு வோல்ட்டைச் சேர்க்கிறது, மேல் பிட்டுக்குப் போகப் போக அந்தப் பங்கு இரட்டிப்பாகும். 127 என்றால் கீழே உள்ள ஏழு பிட்டும் ஆன், 128 என்றால் அந்த ஏழும் ஆஃப், மேல் பிட் ஒன்று மட்டும் ஆன். ஏழு பேர் தூக்கிக்கொண்டிருந்த பாரத்தை ஒருவர் தோளுக்கு மாற்றுகிற மாதிரி. 5 வோல்ட்டில் ஒரு படி என்பது 19.5 மில்லிவோல்ட். மேல் பிட்டின் ரெசிஸ்டர் மட்டும் ஒரு சதவீதம் கூடுதலாக இருந்து மற்றதெல்லாம் அச்சு அசலாக இருந்தால்கூட, 127க்கு 2.493 வோல்ட், 128க்கு 2.488 வோல்ட் வரும். 5 மில்லிவோல்ட் இறக்கம். காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், அந்தக் கணக்கைக் கையால் போட்டவனுக்கு டேக் டிசைனில் பாதி புரிந்துவிடும்.

புது ரெசிஸ்டர் வாங்க ஓடவேண்டாம். ஒரே பட்டையில் இருந்து 20 கே (20,000 ஓம்) ரெசிஸ்டர் ஐம்பது எடுத்து ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்கள். மதிப்பு எவ்வளவு என்பது முக்கியமில்லை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதுதான் முக்கியம். 10 கே வேண்டிய இடத்தில் இரண்டு 20 கே பக்கவாட்டில் சேருங்கள். மிக நன்றாக ஒத்துப்போகிறவற்றை மேல் மூன்று பிட்டுக்கு வையுங்கள், கீழே எது இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. 1 கே, 2 கே என்று சின்ன மதிப்பில் ஏணி கட்டாதீர்கள், மைக்ரோகன்ட்ரோலர் காலுக்கே சில பத்து ஓம் தடை உண்டு, அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும். சிப் செய்கிறவர்கள் இந்தத் தொல்லைக்கு இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். மேல் பிட்டுகளை ஒரே அளவான பல துண்டுகளாக உடைத்து, எண் ஏற ஏற ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். எதையும் கழற்றுவதே இல்லை, அதனால் இறங்கவும் வழியில்லை.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏடிசி எப்படி வேலை செய்கிறது என்று காட்ட எளிய வழி உண்டா ஐயா? – அம்மாப்பேட்டை ஆசிரியை

பதில்: ஒரு தராசும் 8, 4, 2, 1 கிராம் எடைக்கற்களும் போதும் அம்மா. பொருள் 11 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 8ஐப் போடுங்கள், தட்டு சாயவில்லை, இருக்கட்டும். 4ஐப் போட்டால் சாய்கிறது, எடுத்துவிடுங்கள். 2 இருக்கட்டும், 1 இருக்கட்டும். இருந்ததற்கு 1, எடுத்ததற்கு 0 என்று பிள்ளைகளை எழுதச் சொன்னால் 1011 வரும். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் ஏடிசி இதையேதான் பத்து முறை செய்கிறது. 1954இல் எப்ஸ்கோ நிறுவனத்தில் பெர்னார்ட் கார்டன் உருவாக்கிய டேட்ராக் என்ற 11 பிட் கருவியும் இதே வழியில்தான் நொடிக்கு 50,000 முறை அளந்தது. வெற்றிடக் குழாய்கள் வைத்துச் செய்தது, எடை 68 கிலோ, 500 வாட் மின்சாரம் குடிக்கும். அப்புறம் 8 கிராம் கல்லில் கொஞ்சம் மெழுகை ஒட்டிவிட்டு மறுபடி எடை போடச் சொல்லுங்கள், கல் தப்பானால் விடை எப்படித் தப்பாகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி: பாட்டு கேட்க 24 பிட் டேக் வாங்கலாமா, சிடியின் 16 பிட் போதுமா? – சூரமங்கலம் வாசகர்

பதில்: போதும். 16 பிட்டில் 65,536 படிகள், மிகச் சத்தமான இடத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே 98 டெசிபல் இடைவெளி. ஃபேன் சுற்றும் அறையில் அதில் பாதிகூட உங்களுக்குக் கிடைக்காது. 24 பிட்டுக்குக் கணக்குப்படி 146 டெசிபல் வரவேண்டும், அதை முழுசாகத் தொட்ட ஆடியோ டேக் எதுவும் இல்லை. பாட்டைப் பதிவு செய்கிறவருக்கு 24 பிட் நிஜமாகவே உதவும். நீங்கள் அந்தக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபி உலர்த்தும் கூடாரத்தில் எல்எம்35 சென்சார் வைத்து, 30 மீட்டர் கேபிள் இழுத்து ஆர்டுயினோவில் நொடிக்கு ஒரு தடவை வெப்பம் படிக்கிறேன். மோட்டார் ஓடும்போது அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஊஞ்சல் மாதிரி 2 டிகிரி ஏறி இறங்குகிறது. நிறுத்தினால் அடங்கிவிடுகிறது. 16 பிட் ஏடிசி வாங்கினால் சரியாகுமா? – ஏற்காடு வாசகர்

பதில்: வாங்காதீர்கள். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜவ்வரிசி ஆலையின் உலர்த்திக்கு நான் செய்த போர்டில் ரிலே விழும்போதெல்லாம் வெப்பம் குதித்தது. நானும் அதிகப் பிட் ஏடிசி வாங்கி மாட்டினேன், அதே குதிப்பு இன்னும் இரண்டு இலக்கம் கூடுதலாகத் தெரிந்தது. ரிலேயின் 70 மில்லிஆம்பியர் சென்சாரின் கிரவுண்டு கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது, அங்கே 0.1 ஓம் இருந்தாலே 7 மில்லிவோல்ட், டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும் எல்எம்35க்கு அது 0.7 டிகிரி. தனிக் கம்பி போட்டதும் நின்றுபோனது.

உங்கள் ஊஞ்சல் இன்னும் சுவாரசியமானது. கூடாரத்துக்குள் வெப்பம் அப்படி ஆடவே இல்லை. மோட்டார் கம்பியின் 50 ஹெர்ட்ஸ் உங்கள் கேபிளில் ஏறியிருக்கிறது. நீங்கள் பார்ப்பதோ நொடிக்கு ஒருமுறை. நம் கரண்டு அச்சாக 50இல் நிற்காது, 49.97 என்று இருந்தால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அலை கொஞ்சம் தள்ளி நிற்கும், 33 நொடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். சந்தை நாளில் மட்டும் ஊருக்கு வருகிறவர் தினமும் இப்படித்தான் கூட்டம் இருக்கும் என்று நம்புவது போலத்தான். இதற்குப் பிட் மருந்தில்லை, எப்போது பார்க்கிறோம் என்பதுதான் மருந்து. 1 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக 100 ரீடிங் எடுத்துச் சராசரி போடுங்கள். அது ஐந்து முழு அலை, ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

அப்புறம் ரெஃபரன்ஸ், அதாவது ஏடிசி எதோடு ஒப்பிட்டு அளக்கிறதோ அந்த வோல்ட். 5 வோல்ட்டை அளவுகோலாக வைத்தால் ஒரு படி 4.9 மில்லிவோல்ட், அரை டிகிரி. சார்ஜர் வோல்ட் 5 சதவீதம் நகர்ந்தால் 30 டிகிரி ஒன்றரை டிகிரி தள்ளிப்போகும். சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட்டுக்கு மாற்றினால் படி 0.1 டிகிரியாகும், காசு செலவில்லை. ஆனால் அது சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறும், ஒருமுறை அளந்து புரோகிராமில் எழுதிவிடுங்கள். நீளக் கேபிளை எல்எம்35 நேரடியாகத் தாங்காது, சென்சார் பக்கத்தில் தொடராக 2 கே ரெசிஸ்டர் ஒன்று, ஆர்டுயினோ காலில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. கேபிளை மோட்டார் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தால் இன்றைக்கே பிரித்துத் தள்ளிப் போடுங்கள். கோடை மழை இடியில் மலையில் நீளக் கம்பி எது இருந்தாலும் ஆபத்து, அதற்கான சர்ஜ் பாதுகாப்பையும் கையோடு போட்டுவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் மோட்டாரை ஓடவிட்டு, பத்து நிமிட ரீடிங்கை அப்படியே எழுதி அனுப்புங்கள், மிச்சம் ஆட்டம் இருந்தால் அடுத்த இதழில் பார்ப்போம்.