இடுப்பு ஆர்த்ரோஸ்கோப்பி: யாருக்குக் கைகொடுக்கும், யாருக்குக் கைவிரிக்கும்?

வியாசர்பாடி, வயது 24: ஃபுட்பால் ஆடுகிறேன். ஒரு வருஷமாகத் தொடை இடுக்கில் வலி. ஜவ்வு கிழிந்திருப்பதாக எம்ஆர்ஐயில் வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால் மறுபடி கிரவுண்டில் இறங்க முடியுமா?

ஆர்த்ரோஸ்கோப்பி என்பது சின்ன ஓட்டை போட்டு, கேமராவை உள்ளே விட்டு மூட்டைச் சரிசெய்கிற ஆபரேஷன். குருத்தெலும்பு தேயாமல் இருந்தால், உங்கள் வயதில் பெரும்பாலோர் இறங்கிவிடுகிறார்கள். ஆனால் ஜவ்வு சும்மா கிழிவதில்லை தம்பி. வளரும் வயதில் மாங்கு மாங்கென்று ஆடுகிற பையன்களுக்குத் தொடை எலும்பின் தலையும் கழுத்தும் சேருமிடத்தில் ஒரு மேடு வளர்வதுண்டு, காலை மடக்கும்போதெல்லாம் அது இடுப்பு மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பில் இருக்கிற அந்த ஜவ்வில், அதாவது லேப்ரத்தில், போய் இடிக்கும். லேப்ரத்தைத் தைத்துவிட்டு மேட்டைச் சரியாகச் சீவாமல் விட்டால் வலி திரும்பிவிடும், இரண்டாவது ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் நிறைய பேர் இந்த கேஸ்தான். அதனால் டாக்டரிடம் கேளுங்கள்: மேட்டைச் சீவுவீர்களா, லேப்ரத்தை வெட்டுவீர்களா தைப்பீர்களா (தைக்கிற நிலையில் இருந்தால் தைப்பதே நல்லது), திறந்த மூட்டுறையை மூடித் தைப்பீர்களா. வருஷத்துக்கு எத்தனை இடுப்பு செய்கிறார் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள், முழங்காலில் கைதேர்ந்தவரெல்லாம் இடுப்பிலும் அப்படியே என்று சொல்ல முடியாது. சரி, அதற்கு முன் ஒழுங்காக மூன்று மாசம் பிசியோதெரபி செய்தீர்களா? 2018இல் லான்செட்டில் வந்த பிரிட்டன் ஆய்வில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு முன்னேற்றம் கூடுதல்தான், ஆனால் பயிற்சி மட்டும் செய்தவர்களும் தேறியிருந்தார்கள்.

காசிமேடு, வயது 53: போட்டில் வேலை. மூட்டு மாற்று என்றால் பயமாக இருக்கிறது, ஓட்டை போட்டே சரி செய்துவிடலாமா?

எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளியைப் பாருங்கள் அண்ணே. 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் கீழே என்றால் வேண்டாம், சீக்கிரமே மாற்று ஆபரேஷனில்தான் போய் முடியும், இரண்டு செலவு. தேய்ந்த குருத்தெலும்பை இதில் திரும்ப வளர்க்க முடியாது. எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது உட்கார்ந்துபோன கேஸுக்கும் இதே பதில்தான்.

கொருக்குப்பேட்டை, வயது 31: எனக்கு இடுப்புக் கிண்ணம் ஆழம் குறைவாம். இந்த ஆபரேஷன் போதுமா?

ஆழம் ரொம்பக் குறைவென்றால் இது மட்டும் போதாது, மூட்டின் பிடிமானம் இன்னும் தளரலாம். கிண்ணத்து எலும்பையே வெட்டித் திருப்பி வைக்கிற பெரிய ஆபரேஷன் தேவைப்படலாம். எக்ஸ்ரேயில் கோணத்தை அளக்காமல் தேதி கொடுத்தால் வேறு டாக்டரைப் பாருங்கம்மா.

பெரம்பூர், வயது 38: வலி இடுப்பிலா முதுகிலா என்றே தெரியவில்லை.

மூட்டுக்குள் மரத்துப்போகிற ஊசி போட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சில மணி நேரத்திலும் வலி குறையவில்லை என்றால் ஆபரேஷனும் பெரிதாக உதவாது, முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர், வயது 29: ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து பிறப்புறுப்பில் மரத்துப்போயிருக்கிறது. வீட்டில்கூடச் சொல்லவில்லை.

வெட்கப்பட ஒன்றுமில்லை. கருவி உள்ளே போக இடம் வேண்டி, இரண்டு கால்களுக்கும் நடுவே பஞ்சு சுற்றிய தூண் ஒன்றை வைத்துக் காலை இழுத்துப் பிடிப்பார்கள், அந்த அழுத்தத்தில் நரம்பு நசுங்குவதுண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். ஆனாலும் அடுத்த செக்கப்பில் சொல்லியே ஆக வேண்டும், சிறுநீர் போவதில் சிரமம் என்றால் செக்கப் வரை காத்திருக்காமல் இன்றைக்கே போங்கள்.