5 டொலர் கோப்பியை ரூபாயில எண்ணிக் குடிக்கிற தங்கச்சிக்கு

கேள்வி: வெள்ளவத்தையில இருந்து மெல்பேர்னுக்கு 14 மாச கொன்ட்ராக்ட்டில வந்து மூண்டு மாசம். வரி போக கையில மாசம் 5,500 டொலர் மாதிரி வருது. ஒஃபிஸில காலமை பத்து மணிக்கு அஞ்சு பேரா கோப்பிக்குப் போவம், மாறி மாறி ஒராள் எல்லாருக்கும் காசு குடுக்கோணும். என்ர முறை வந்தா 27 டொலர் 50 சதம், நெஞ்சு இடிக்குது. வீட்டு லோனும் இருக்கு. பின்னேரம் களைச்சு வாறதால கிழமைக்கு அஞ்சு நாள் டெலிவரி சாப்பாடு தான். கோப்பியை நிப்பாட்டட்டோ?

பதில்: வேண்டாம் தங்கச்சி. நீங்க பயப்பிட வேண்டியது கோப்பிக்கு இல்ல, போற போக்கில சொல்லிட்டுப் போன அந்த டெலிவரிக்கு.

டொலர் 200 ரூபா எண்டு வைச்சா 27.50 எண்டது 5,500 ரூபா, இடிக்காம என்ன செய்யும். ஆனா இது எங்கட சீட்டு மாதிரி தானே, கழிவு இல்லாத சீட்டு, அஞ்சு நாளைக்கு ஒருக்கா தான் உங்கட தலையில விழுது, மற்ற நாலு நாளும் அவை வாங்கித் தருகினம், அப்ப நாளுக்கு 5.50, இருபது வேலைநாளுக்கு 110 டொலர், சம்பளத்தில நூற்றுக்கு ரெண்டு. ரூபாய்க்கு மாத்திப் பாக்கிறதை லோனுக்கு அனுப்புற நாளோட வைச்சுக்கொள்ளுங்கோ.

அந்த ஊரில கோப்பி விளையாட்டில்ல. 1950களில இத்தாலிக்காரர் எஸ்பிரெஸ்ஸோ மெஷினோட போட்ட அத்திவாரம், 2008இல ஸ்டார்பக்ஸே அவுஸ்திரேலியாவில 61 கடையை மூடிப்போட்டுது. கொன்ட்ராக்ட் நீட்டுற கதை, ஆர் வீட்டில அறை காலியாகுது எண்ட கதை எல்லாம் முதல்ல வாறது அந்தக் க்யூவில தான், மீட்டிங்கில இல்ல.

இப்ப டெலிவரி. ஒருக்கா 30 டொலர் எண்டாலும் மாசம் 600. மெல்பேர்னில டண்டினோங் பக்கம் எங்கட கடையள் இருக்கு, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு கறி வைச்சுப் புட்டும் அவிச்சு ஃப்ரீஸரில போடுங்கோ (சொதியைப் போடாதேங்கோ, திரைஞ்சு நாசமாப் போகும்). ஒரு நாள் அந்த நாலு பேரையும் கூப்பிட்டு இடியப்பம் குடுங்கோ, வெளிய போய்ச் சாப்பிடுறதை விட மலிவு. டெலிவரி கிழமைக்கு ஒண்டாக் குறைஞ்சா, மளிகைச் செலவு போகவும் 300 டொலர் மிஞ்சும், அது நேர லோனுக்கு.

நீங்க கேக்காத ஒண்டு தான் பெரிய காசு. சூப்பர் எண்டு ஓய்வுகாலச் சேமிப்புக்குச் சம்பளத்துக்கு மேல முதலாளி 12 வீதம் போடுறார், எங்கட ஈ.பி.எஃப் மாதிரி, ஆனா உங்கட பக்கத்தில இருந்து வெட்டு இல்ல. உங்களுக்கு வரிக்கு முதல் 7,000 அளவில எண்டா மாசம் 840, 14 மாசத்துக்கு 11,760. உள்ள போகேக்க 15 வீத வரி, தற்காலிக வேலை விசாக்காரர் வெளிய எடுக்கேக்க 35 வீதம், போனாலும் 6,500 டொலர் கிட்ட நிக்கும், 13 லட்சம் ரூபா தங்கச்சி. விசா முடிஞ்சு நாட்டை விட்டு வந்தாப் பிறகு தான் கேக்கலாம், ஆனா ஃபண்ட் நம்பர், லொகின் எல்லாம் அங்க இருக்கேக்கயே எடுத்து வையுங்கோ, ஒஃபிஸ் ஈமெயிலைக் குடுத்திராதேங்கோ, வேலை முடிஞ்ச அண்டைக்கே அது பூட்டிப்போகும். மெடிக்கெயார் (அந்த நாட்டு அரசாங்க மருத்துவக் காப்புறுதி) உங்களுக்கு இல்லாட்டி அதுக்குப் பிடிக்கிற 2 வீதத்துக்கும் விலக்குக் கேக்கலாம், சான்றிதழ் எடுத்து ஒக்டோபர் 31க்கு முதல் வரி ரிட்டேர்ன் போடுங்கோ.

வீட்டுக்கு அனுப்புற காசை உண்டியலில (பாங்குக்கு வெளியால கைமாத்துறது) போடாதேங்கோ, ரேட் கூடத் தந்தாலும். லோனுக்கும் அம்மாவுக்கும் தேவையானதை மட்டும் ரூபாயாக்கி, மிச்சத்தைக் கொழும்பில ஒரு பி.எஃப்.சி எக்கவுண்ட் (வெளிநாட்டுக் காசு வைக்கிற பாங்குக் கணக்கு) திறந்து டொலராவே வையுங்கோ, 2022இல ரூபாய் விழுந்த விழுகை மறந்திருக்க மாட்டீங்க.

கடைசிக் கிழமை உங்கட ரவுண்ட் பாக்கி நிண்டா குடுத்திட்டு ஃபிளைட் ஏறுங்கோ, சீட்டு எடுத்திட்டு ஓடின பேர் எங்களுக்கு வேண்டாம்.