38 வயதில் ஐஸில் இறங்கலாமா? புதிதாக வந்த ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள தங்கைக்கு,

மே மாதம் வவுனியாவிலிருந்து ரொறன்ரோ நகரத்தின் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்ததாகவும், மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு வயது என்றும் எழுதியிருந்தீர்கள். டிசெம்பரில் மகனின் வகுப்பை ஐஸில் சறுக்கும் ஸ்கேற்றிங்குக்குக் கூட்டிச் செல்லப் போகிறார்கள் என்றும், பிள்ளைகள் ஹெல்மெற் கொண்டுவர வேண்டும், முடிந்த பெற்றோர் உதவிக்கு வரலாம் என்றும் பாடசாலையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பிள்ளைகளை வகுப்பில் சேர்த்துவிட்டு வாங்கில் இருந்து பார்த்தால் போதுமா, அல்லது 38 வயதில் நீங்களும் பழகலாமா என்பது உங்கள் கேள்வி.

பழகுங்கள். ஆனால் பிள்ளைகளுக்குத் துணையாக இறங்காமல், உங்களுக்கென்று தனியாக ஒரு வளர்ந்தோர் வகுப்பில் சேர்ந்து பழகுங்கள். எங்கள் பெற்றோர் பலர் இதற்கு நேர்மாறாகத்தான் செய்கிறார்கள். தாங்களே நிற்கத் தெரியாத நிலையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சனம் நிறைந்த றிங்கில் (ஸ்கேற்றிங் திடலில்), பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். பெரியவர் சறுக்கினால் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு விழுவார், சில வேளை பிள்ளையின் மேலேயே விழுவார். அது நடக்காவிட்டாலும், கையில் தொங்கியபடி செல்லும் பிள்ளை தன் பாரத்தை உங்கள் கையில்தான் போடுமே தவிரத் தன் காலில் போடாது. அப்படி ஒரு பருவம் முழுக்கச் சுற்றினாலும் அதற்குச் சமநிலை வராது. சில இடங்களில் மிகச் சிறிய பிள்ளைகளோடு பெற்றோரும் இறங்குகிற வகுப்புகள் உண்டு. மகளின் வயதுக்கு அது பொருத்தமாகத் தெரியலாம். ஆனால் நீங்கள் நிற்கவும் நிறுத்தவும் பழகிய பின் அதில் சேர்வதே நல்லது.

வளர்ந்தோர் வகுப்பில் எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள் என்ற கூச்சத்தைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். 2021ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி ரொறன்ரோ நகரத்தில் வாழ்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். அந்த வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். நான் பழகிய வகுப்பில் இரவு வேலை முடித்து நேரே வந்த பிலிப்பைன்ஸ் தாதி ஒருவரும், பேரப்பிள்ளைக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று சேர்ந்த ஈரானியப் பெரியவர் ஒருவரும் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தன் கால்களைக் கவனிப்பதற்கே நேரம் போதவில்லை. கூச்சம் தருகிறவர்கள் உண்மையில் எங்கள் ஆட்கள்தான்: "இந்த வயதில் இது தேவையா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இருபது குளிர்காலங்களாக அரீனாவின் கார்த் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தபடியே பிள்ளைக்காகக் காத்திருந்தவர்களாகவும் அவர்கள் இருப்பார்கள்.

இனிச் சப்பாத்துக்கு வருகிறேன், ஏனென்றால் முதல் மாதத்தில் படும் துன்பத்தில் பெரும்பகுதி காலில் மாட்டியதால் வருவதுதான். ஹொக்கி ஸ்கேற்றின் அலகு, அதாவது அடியிலுள்ள இரும்புத் தகடு, இரு முனைகளிலும் வளைந்திருப்பதால் புதியவர் முன்னும் பின்னும் ஆடுவார். ஃபிகர் ஸ்கேற்றின் அலகு நீளமாகவும் தட்டையாகவும் இருக்கும். அதன் முன்முனையில் பற்கள் உண்டு, விரல் பக்கம் சாய்ந்தால் அவை ஐஸில் குத்தித் தடுக்கிவிடும். இரண்டிலும் பழகலாம் என்றாலும் உங்களுக்கு நான் ஃபிகர் ஸ்கேற்றையே சொல்வேன். மகளுக்கென்று இரட்டை அலகு கொண்ட பிளாஸ்ரிக் ஸ்கேற்றை வாங்கிவிடாதீர்கள். அதில் பிள்ளை நிற்கும், ஆனால் அலகின் விளிம்பில் பாரம் போடப் பழகாது. பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அளவு பார்க்கும்போது, குளிருமே என்று இரண்டு கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு பெரிய சப்பாத்தை வாங்காதீர்கள். மெல்லிய காலுறை ஒன்று போதும். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் சற்றுப் பின்வாங்க வேண்டும், குதிக்கால் எந்த நிலையிலும் மேலே எழும்பக் கூடாது. பெரும்பாலும் உங்கள் வழக்கமான சப்பாத்தின் அளவைவிட ஒன்று அல்லது ஒன்றரை அளவு சிறியதே சரியாக வரும். கட்டுவதற்கு முன் குதிக்காலை நிலத்தில் தட்டிப் பின்னே தள்ளுங்கள். நாடாவை விரல்களின் மேலே தளர்வாகவும், பாதம் மடியும் இடத்தில் நன்றாக இறுக்கியும், கணுக்காலுக்கு மேலே ஒரு விரல் நுழையும் அளவுக்கு விட்டும் கட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாகக் கட்டினால் பாதம் மரத்துப்போகும், எங்கும் தளர்வாகக் கட்டினால் கணுக்கால் உள்ளே சரியும்.

கடையில் வாங்கிய புதிய ஸ்கேற்றும் பெரும்பாலும் தீட்டப்படாமலே வரும். அலகின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் அரைக்கப்பட்டு, அதன் இருபுறமும் இரண்டு கூரிய விளிம்புகள் நிற்க வேண்டும். அந்த விளிம்புகள்தான் ஐஸைப் பிடிக்கின்றன. அவை இல்லாவிட்டால் கால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே இருக்கும், நீங்களோ உங்களுக்கு வராது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். விரல் நகத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள்: நகம் சிறிது சீவப்பட்டால் தீட்டல் சரி. ரப்பர் விரிப்பு இல்லாத தரையில் அலகோடு நடக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்து, நடக்கும்போது போடும் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றிவிட்டு வையுங்கள். ஈரத்தோடு உறைக்குள் விட்டால் ஒரே வாரத்தில் துரு ஏறும். நல்ல நிலையில் உள்ள பாவித்த ஸ்கேற் இங்கே தாராளமாகக் கிடைக்கும், பிள்ளைகளின் கால் வருடத்துக்கு வருடம் வளர்வதால் அவர்களுக்குப் புதிதாக வாங்குவது வீண் செலவு. ஹெல்மெற்றை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

அந்த ஹெல்மெற் சைக்கிளுக்குப் போடுவதாக இருக்கக் கூடாது, சி.எஸ்.ஏ. (கனேடியத் தரநிர்ணயச் சங்கம்) முத்திரை உள்ள ஹொக்கி ஹெல்மெற்றாக இருக்க வேண்டும். ஐஸில் பின்பக்கமாக விழுவது சாதாரணம், பிடரியை மூடுவது அதுதான். நாட்டின் ஸ்கேற்றிங் அமைப்பான ஸ்கேற் கனடாவின் கான்ஸ்கேற் என்ற தொடக்கநிலை வகுப்புகளில் ஐந்தாம் படிநிலை முடியும்வரை இது கட்டாயம். உங்களுக்கும் ஒன்று வாங்குங்கள், பெரியவர்கள் போடுவதில்லையே என்று வெட்கப்பட வேண்டாம். விழும்போது நிலத்தை முதலில் தொடுவது கைதான் என்பதால், வெப்பமான நாளிலும் கையுறை வேண்டும். முழங்காலுக்கும் மணிக்கட்டுக்கும் காப்பு இருந்தால் இன்னும் நல்லது. சால்வையோ நீண்ட துப்பட்டாவோ வேண்டாம். இழுத்தால் நீளும் காற்சட்டையும் மெல்லிய மேலுடுப்புகள் இரண்டும் போதும். அசையத் தொடங்கினால் வியர்க்கும், உண்மையான குளிர் வாங்கில் இருப்பவர்களுக்குத்தான்.

முதல் வகுப்பில் விழுவதையும் எழும்புவதையும் பழக்குவார்கள். விழப்போகிறோம் என்று தெரிந்தவுடன் முழங்காலை ஆழமாக மடித்து, ஒரு பக்கமாகத் திரும்பி, இடுப்பின் சதைப்பகுதியில் உட்கார்வதுபோல் விழ வேண்டும். கையை விரித்து ஊன்றக் கூடாது, நாடியை நெஞ்சோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். புதியவர்களின் மணிக்கட்டு முறிவது விரித்து ஊன்றிய கையில் உடம்பின் முழுப் பாரமும் இறங்குவதால்தான். எழும்பும்போது முதலில் முட்டுக்காலில் வந்து, ஒரு பாதத்தை இரு கைகளுக்கும் நடுவில் வைத்து, அந்த முழங்காலில் இரண்டு கைகளையும் ஊன்றி எழும்புங்கள். பக்கச் சுவரைப் பிடித்து இழுத்து எழும்ப முயன்றால் பாதங்கள் முன்னே ஓடிவிடும்.

அதன் பிறகு இருந்த இடத்தில் காலை மாற்றி மாற்றித் தூக்கி நடப்பது, இரு காலிலும் வழுக்கிச் செல்வது, பாதங்களை வெளியே விரித்து மீண்டும் சேர்ப்பது, நிறுத்துவது என்று ஒழுங்காகப் போகும். தோப்புக்கரணத்தைப் பாதியில் நிறுத்தினால் உடம்பு எப்படி நிற்குமோ, ஏறக்குறைய அப்படித்தான் எப்போதும் நிற்க வேண்டும்: முழங்கால் மடிந்து, முதுகு நேராக, பாரம் பாதத்தின் நடுவில். பயம் வந்தவுடன் உடம்பு நிமிரும், பின்னே சாயும். பெரியவர்கள் விழுவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். கண்ணைப் பாதத்தில் வைக்காமல் எதிர்ச் சுவரில் வையுங்கள், ஏனென்றால் தலை குனிந்தால் பாரமும் முன்னே போய்விடும். நிறுத்துவதற்குக் குதிக்கால்களை வெளியே தள்ளி, பெருவிரல்களை ஒன்றை ஒன்று நோக்கித் திருப்பி, அலகின் உள்விளிம்பால் ஐஸைச் சுரண்ட வேண்டும். சரியாகச் செய்தால் 'சர்ர்' என்ற சத்தத்தோடு அலகுக்கு முன்னால் வெள்ளைத் தூள் குவியும். அந்தச் சத்தம் வரும்வரை பொது றிங்குக்குப் பிள்ளைகளோடு போக வேண்டாம் என்பதே என் கருத்து.

பிள்ளைகள் உங்களை விரைவில் முந்திவிடுவார்கள். பயிற்றுநர் சொல்வது பெரியவர்களுக்கு உடனே விளங்கிவிடும், ஆனால் உடம்பு கேட்க நாளாகும். பிள்ளைகள் விளங்காமலே செய்துவிடுவார்கள். அவர்களை நகரசபையின் வகுப்பிலும் சேர்க்கலாம், ஸ்கேற் கனடாவின் கீழ் இயங்கும் கழகங்களின் கான்ஸ்கேற் வகுப்பிலும் சேர்க்கலாம். கான்ஸ்கேற்றில் ஆறு படிநிலைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் சமநிலை, கட்டுப்பாடு, சுறுசுறுப்பு என்று மூன்று பகுதிகளைத் தேற வேண்டும். ஒரே நேரத்தில் வளர்ந்தோர் குழுவும் பிள்ளைகள் குழுவும் ஐஸின் வெவ்வேறு பகுதிகளில் பழகும் இடம் கிடைத்தால் அதையே தெரிவுசெய்யுங்கள். பிள்ளை அழுதாலும் உங்கள் மூலையை விட்டுப் போகாதீர்கள், அங்கே பயிற்றுநர் இருக்கிறார்.

விழுவதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. மணிக்கட்டு முறிந்தால் மருத்துவமனைச் செலவை ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் பார்த்துக்கொள்ளும். ஆனால் மணிக்கூலி வேலையில் ஆறு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் அந்தச் சம்பளத்தை அது தராது, பின்னர் எடுக்கும் இயன்மருத்துவத்துக்கும் பெரும்பாலும் நீங்களே கட்ட வேண்டிவரும். எலும்புத் தேய்வு, பழைய முழங்கால் காயம், கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் குடும்ப வைத்தியரிடம் கேட்ட பின்பே சேருங்கள்.

வகுப்புக்கு வெளியே பழக நகரசபையின் திறந்தவெளி றிங்குகள் உண்டு, அவற்றுக்குக் கட்டணம் இல்லை. வழக்கமாக நவம்பர் கடைசியில் திறந்து மார்ச் நடுப்பகுதிவரை இருக்கும். உங்களுக்குக் கிட்டியது ஸ்காபரோ சிவிக் சென்ரரை ஒட்டிய அல்பேர்ட் கம்பெல் சதுக்கம். நகர மண்டபத்துக்கு முன்னாலுள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் ஸ்கேற் வாடகைக்கும் கிடைக்கும், ஆனால் வார இறுதி மாலைகளில் அங்கே புதியவர்கள் நிற்கவும் இடமிராது. நிலத்தின் கீழே குளிர்க்குழாய்கள் ஓடுவதால் வெப்பநிலை சற்றுப் பூச்சியத்துக்கு மேலே போனாலும் இந்த ஐஸ் நிற்கும். ஸாம்போனி வண்டி சுற்றி முடித்த பின் இறங்கினால், அது மேற்பரப்பைச் சீவிச் சுடுநீர் ஊற்றி மட்டமாக்கிய ஐஸ் கிடைக்கும். நீர் உறைய ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள். குளங்களிலும் ஏரியோரங்களிலும் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். தனி ஒருவருக்கே 15 சென்ரிமீற்றர் தடிப்பான ஐஸ் வேண்டும் என்கிறது கனேடியச் செஞ்சிலுவைச் சங்கம், கரையில் நின்று அந்தத் தடிப்பை யாராலும் கண்ணால் அளக்க முடியாது.

ஒட்டாவாவின் றிடோ கால்வாயைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உறைந்த கால்வாயின் மேல் 7.8 கிலோமீற்றர் நீளமான ஸ்கேற்றிங் பாதை அது. 1971 முதல் குளிர்காலந்தோறும் திறந்துவந்தது, 2022–23 குளிர்காலத்தில் வெப்பம் காரணமாக முதன்முறையாகத் திறக்கப்படவே இல்லை. இயற்கை ஐஸ் என்பதால் வெடிப்புகளும் மேடுபள்ளங்களும் உண்டு, முதல் வருடத்தில் போக வேண்டாம். அடுத்த வருடம் பெப்ரவரியில், போகும் நாளன்று காலையில் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

நகரசபை வகுப்புகளுக்கான இணையப் பதிவு காலை 7 மணிக்குத் தொடங்கும், ஸ்கேற்றிங் வகுப்புகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். ஆகவே கணக்கை முன்கூட்டியே திறந்து, மூவருக்குமான வகுப்புகளின் இலக்கங்களை எழுதி வைத்திருங்கள். இடம் கிடைக்காவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போடுங்கள், வகுப்பு தொடங்கும் வாரத்தில் பலர் விலகுவதுண்டு. வருமானம் குறைவென்றால் நகரசபையின் வெல்கம் பொலிசி என்ற கட்டண உதவிக்குப் பதிவு தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே விண்ணப்பியுங்கள். பிள்ளைகளின் விளையாட்டுச் செலவுக்கு ஜம்ப்ஸ்ரார்ட் அறக்கட்டளையும் உதவுகிறது.

டிசெம்பரில் பாடசாலைப் பயணத்துக்கு உதவியாகப் போவதற்கு நீங்கள் ஸ்கேற்றிங் பழகியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே பெற்றோர் பார்க்கும் வேலை பெரும்பாலும் நாடா கட்டுவது: ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் குந்தியிருந்து, அந்தக் காலை உங்கள் முழங்காலில் தூக்கி வைத்து, பாதம் மடியும் இடத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும், கட்டி முடித்த பிள்ளை கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்லும். மகனின் நாடாவை இப்போதே வீட்டில் கட்டிக் கட்டிப் பழகிக்கொள்ளுங்கள், உங்கள் பெயரை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.